எங்கள் ஆவணங்களை வைத்திருக்கும் சேர்வர்: அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

“தம்பி, அவர் கதைச்ச அந்த ஒலிப்பதிவு இன்னும் உங்கட இணையத்தளத்தில இருக்குதோ?”

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அருகிலுள்ள ஒரு வீட்டு விறாந்தையில் வைத்து அந்த அம்மா என்னிடம் கேட்டார். அவருடைய மகன் 2008 இல் கூட்டிச் செல்லப்பட்டவர். மகனின் படம் அவரிடம் இருக்கிறது. லமினேட் செய்த அந்தப் படத்தை 2017 முதல் ஒவ்வொரு போராட்டத்துக்கும் கொண்டுசெல்கிறார். அவர் கேட்டது படத்தை அல்ல. மகனைக் கூட்டிச் சென்ற நாளில் வீட்டில் நடந்ததை அவருடைய கணவர் 40 நிமிடங்கள் எங்களிடம் சொல்லியிருந்தார். அதை ஒலிப்பதிவு செய்து, நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய இணையத்தளத்தில் போட்டிருந்தோம். கணவர் இப்போது உயிரோடு இல்லை.

அந்த இணையத்தளமும் இல்லை. அதை யாரும் தடைசெய்யவில்லை. 2007 ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கையில் தடுக்கப்பட்டபோது அது உலகச் செய்தியானது. எங்களுடையது செய்தியாகவில்லை. சேர்வரைப் பார்த்துக்கொண்ட நண்பர் வெளிநாட்டில் புதிய வேலைக்குப் போனார். கடவுச்சொல் அவரிடம் மட்டுமே இருந்தது. மூன்று வருடங்கள் அந்தச் சேர்வரில் எவரும் எதையும் இற்றைப்படுத்தவில்லை. பழைய மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக யாரோ உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரங்களைப் போட்டார்கள். வாடகைக்குச் சேர்வர் தந்த வெளிநாட்டு நிறுவனம் இரண்டு எச்சரிக்கை மின்னஞ்சல்களை அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்த மின்னஞ்சல்கள் போன முகவரியை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

“இல்லை அம்மா” என்று சொல்ல எனக்கு நெடுநேரம் எடுத்தது.

நான் ஊடகக் கற்கை படித்தவன். கணினி விஞ்ஞானம் படித்தவன் அல்ல. செய்தி எழுதுவது எங்கள் வேலை, சேர்வர் ‘ஐ.டி. பெடியன்களின்’ வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த விறாந்தையிலிருந்து திரும்பிய பிறகுதான், ஒரு சேர்வரில் மென்பொருட்களை எப்படி நிறுவுவது, எப்படிப் பராமரிப்பது என்று கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். கற்றதை இங்கே எழுதுகிறேன். ஆவணம் சேர்க்கும் இளைஞர்களுக்கு இது செயல்முறையாகப் பயன்படும். ஆவணங்களையும் வாக்குமூலங்களையும் எங்களை நம்பித் தந்தவர்களுக்கு, எங்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

ஒரு படத்தின் பெறுமதி

திருகோணமலையில் இதை நீண்ட விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அந்த உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர்கள் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள்.

நீதிமன்றத்தில் முடிந்துபோன பிறகும் அந்தப் படங்கள் இருக்கின்றன. அன்று படம் என்றால் கமெரா, பத்திரிகை அலுவலகம், அச்சுப் பிரதி. இன்று எங்களுடைய படங்களும் ஒலிப்பதிவுகளும் காணி உறுதிகளின் ஸ்கேன் பிரதிகளும் பெரும்பாலும் எங்கோ ஒரு சேர்வரில் கிடக்கின்றன. ஆகவே அந்தச் சேர்வரின் நலம் என்பது சாட்சியத்தின் நலம்.

சேர்வர் என்பது என்ன?

சேர்வர் என்பதும் ஒரு கணினிதான். இரவு பகலாக இயங்கி, கேட்பவருக்குப் பக்கங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். எங்களைப் போன்ற சிறிய குழுக்கள் அதைச் சொந்தமாக வாங்குவதில்லை. வெளிநாட்டு நிறுவனங்களிடம் மாதம் சில டொலர் கொடுத்து, ஒரு பெரிய கணினியின் சிறு பகுதியை வாடகைக்கு எடுக்கிறோம். அதற்குத் திரையும் கிடையாது, மவுஸும் கிடையாது. எங்கள் மடிக்கணினியில் ஒரு கறுப்புச் சாளரத்தைத் திறந்து, எழுத்தில் கட்டளை கொடுக்கிறோம். அது எழுத்திலேயே பதில் சொல்கிறது. இதைத்தான் கட்டளை வரி என்கிறார்கள்.

பார்த்தவுடன் பயமாக இருக்கும். ஆனால் எங்கள் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். எழுத்து மட்டுமே போய்வருவதால் கையடக்கத் தொலைபேசியின் மெதுவான இணைப்பே போதும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், போன் டேட்டாவிலேயே நண்பர் ஒருவர் ஒரு முழுச் சேர்வரைப் பராமரித்தார்.

இத்தகைய சேர்வர்களில் பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளமே இருக்கும். அதிலும் டெபியன், உபுண்டு என்ற இரண்டையும் அதிகம் காணலாம். டெபியன் 1993 இல் தொடங்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004 இல் உபுண்டு வந்தது. இரண்டும் இலவசம், மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்.

கீழே வரும் கட்டளைகளை ஆங்கில எழுத்திலேயே கணினியில் அடிக்க வேண்டும். அவற்றின் ஒலியை மட்டும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்.

பொதியும் களஞ்சியமும்

விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால், இணையத்தில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து தரவிறக்கி, ‘நெக்ஸ்ட்’ ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்தி நிறுவுவோம். லினக்ஸ் சேர்வரில் பழக்கம் வேறு. மென்பொருட்கள் பொதிகளாகக் கட்டப்பட்டு, களஞ்சியம் எனப்படும் ஒரே இடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு பொதிக்குள் மென்பொருளும், அது எந்தெந்த வேறு பொதிகளில் தங்கியிருக்கிறது என்ற பட்டியலும், நிறுவும்போது செய்ய வேண்டிய வேலைகளும் இருக்கும்.

பழைய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் துண்டைக் கொடுத்தால் அவர் உள்ளே போய் எடுத்து வருவார். இங்கே அந்தக் கடைக்காரரின் பெயர் ‘அப்ட்’. 1999 இல் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்போடு அது வந்தது. நீங்கள் ஒரு பொதியைக் கேட்டால், அதற்குத் தேவையான மற்றப் பொதிகளையும் தானே கண்டுபிடித்துச் சேர்த்து எடுத்து வரும். களஞ்சியத்தின் பொருளட்டவணையில் இலத்திரனியல் கையொப்பம் இருக்கும். இடையில் யாராவது பொதியை மாற்றியிருந்தால் கையொப்பத்தோடு கணக்குப் பொருந்தாது; ‘அப்ட்’ அதை ஏற்க மறுக்கும். உள்ளே வருவது எது என்று தெரிந்திருக்க வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு இது மிக முக்கியமான பாதுகாப்பு.

ரெட் ஹெட் வகை லினக்ஸில் இதே வேலையை ‘டிஎன்எஃப்’ என்ற கருவி செய்யும். கட்டளைகள் சற்று மாறும், முறை ஒன்றுதான்.

களஞ்சியத்தின் பிரதிகள் உலகம் முழுவதும் உள்ளன. இலங்கையில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பும் அப்படி ஒரு பிரதியை வைத்திருக்கிறது. உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ லினக்ஸ் கணினி இருந்தால், அருகிலுள்ள பிரதியைத் தெரிவுசெய்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டு கட்டளைகள், ஒரு பெரிய குழப்பம்

முதலில் கற்க வேண்டியவை ‘சுடோ அப்ட் அப்டேட்’, ‘சுடோ அப்ட் அப்கிரேட்’ என்ற இரண்டும்தான். ‘சுடோ’ என்பது ‘நிர்வாகியின் அதிகாரத்தோடு செய்’ என்று பொருள்படும்.

‘அப்டேட்’ என்று அடித்தால் சேர்வர் புதிதாகிவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது களஞ்சியத்தின் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கிறது. கடையில் இன்று என்னென்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது போன்றது. ‘அப்கிரேட்’ என்று அடிக்கும்போதுதான் புதிய பதிப்புகள் இறங்கி நிறுவப்படுகின்றன. முதலாவதை மாதக்கணக்காக அடித்துக்கொண்டு, இரண்டாவதை ஒருமுறையும் அடிக்காமல், சேர்வர் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பியிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் ‘அப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்’ என்று அடித்தால், எவையெவை மாறப்போகின்றன என்ற பட்டியல் வரும். அதை வாசித்துவிட்டு மேலே போவது நல்லது. ‘அப்கிரேட்’ எதையும் அகற்றாது. ‘ஃபுல்-அப்கிரேட்’ தேவைப்பட்டால் சில பொதிகளை அகற்றவும் செய்யும். ஆகவே அதை அடிக்கும்போது திரையில் வருவதை வாசிக்காமல் ‘ஆம்’ சொல்லக் கூடாது.

மற்றவை எளிது. ஒரு மென்பொருளைத் தேட ‘அப்ட் சேர்ச்’. அதைப் பற்றிய விபரம் அறிய ‘அப்ட் ஷோ’. நிறுவ ‘சுடோ அப்ட் இன்ஸ்டோல்’ என்று அடித்து, பக்கத்தில் பொதியின் பெயரை எழுதவும். அகற்ற ‘ரிமூவ்’. அதன் அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அழிக்க ‘பேர்ஜ்’. ஒரு பொதிக்காகத் தானாக வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாமல் கிடப்பவற்றை நீக்க ‘ஓட்டோரிமூவ்’. தரவிறக்கிய பொதிகள் அடைத்துக்கொண்ட இடத்தைக் காலியாக்க ‘க்ளீன்’.

‘பேர்ஜ்’ விடயத்தில் ஒரு எச்சரிக்கை. தரவுத்தள மென்பொருளை அப்படி அகற்றும்போது, உள்ளே இருக்கும் தரவுகளையும் அழிக்கவா என்று அது கேட்கலாம். அவசரத்தில் ‘ஆம்’ என்றால், பத்து வருட நேர்காணல்களின் எழுத்து வடிவம் ஒரு விநாடியில் போய்விடும்.

அரசாங்கத்துக்கும் இதுவே நடந்தது

இது சிறிய குழுக்களின் கவனயீனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட் கடைசியில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் கட்டமைப்பு கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. காரணங்கள் இரண்டு. அங்கு இயங்கிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய பதிப்பு. அதற்கான ஆதரவை அதைத் தயாரித்த நிறுவனமே அந்த ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. அத்தோடு, அந்தக் காலப்பகுதிக்கான காப்புப் பிரதியும் வலையமைப்புக்கு வெளியே தனியாக இருக்கவில்லை. புதிய பதிப்புக்கு மாறாமல் இருந்ததற்கு நிதிப் பற்றாக்குறையும் காரணமாகச் சொல்லப்பட்டது.

பணம் இருந்தாலும் இது நடக்கும். அமெரிக்காவின் ஈக்விஃபக்ஸ் நிறுவனம் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. நிறுவனம் அதைப் போடவில்லை. மே மாதத்தில் அதே ஓட்டையால் உள்ளே புகுந்தவர்கள் ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் பேரின் விபரங்களை எடுத்தார்கள்.

திருத்தம் வெளியாகும்போது, ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. தானியங்கி நிரல்கள் இணையம் முழுவதும் பழைய பதிப்புகளைத் தேடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் இணையத்தளத்தில் சூதாட்ட விளம்பரம் போட்டவருக்கு நாங்கள் யார், என்ன எழுதுகிறோம் என்பது தெரிந்திருக்கத் தேவையே இல்லை. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

நடைமுறையில் எப்படிச் செய்வது?

இப்போது எங்கள் குழுவில் இருவர் மாறி மாறி ஒவ்வொரு ஞாயிறும் இதைச் செய்கிறோம். அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுப்பதில்லை. ஒழுங்கு இதுதான்.

முதலில் காப்புப் பிரதி. பெரிய மாற்றம் என்றால், வாடகைச் சேர்வர் நிறுவனம் தரும் ‘ஸ்னப்ஷொட்’ வசதியையும் பயன்படுத்துகிறோம். ஏதாவது பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இரண்டாவது, ‘டிமக்ஸ்’ அல்லது ‘ஸ்கிரீன்’ என்ற கருவிக்குள் இருந்து வேலையைத் தொடங்குகிறோம். அப்கிரேட் பாதியில் இருக்கும்போது மின்சாரமோ இணைப்போ போனால் வேலை குழம்பிவிடும். இந்தக் கருவிகளுக்குள் தொடங்கிய வேலை, எங்கள் இணைப்பு அறுந்தாலும் சேர்வரில் தொடர்ந்து நடக்கும். இணைப்பு வந்ததும் விட்ட இடத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். எங்கள் ஊரில் வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

மூன்றாவது, அப்டேட், பட்டியல் வாசிப்பு, அப்கிரேட். இடையில் சில நேரம், ‘அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பொதியோடு வந்த புதியதைப் போடவா, உங்களுடையதை வைத்திருக்கவா?’ என்று கேட்கும். என்ன மாற்றினோம் என்று நினைவில்லாவிட்டால் எங்களுடையதை வைத்திருப்பதே வழமை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்படியும் அங்கேயே கேட்கலாம்.

நான்காவது, மீள இயக்கம். இயங்குதளத்தின் கருவான ‘கேர்னல்’ மாறியிருந்தால், சேர்வரை நிறுத்தித் தொடங்கும் வரை பழையதே இயங்கிக்கொண்டிருக்கும். உபுண்டுவில் உள்நுழையும்போதே மீள இயக்கம் தேவை என்ற அறிவிப்புத் தெரியும். அதை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறவர்கள் உண்டு.

ஐந்தாவது, இணையத்தளத்தைத் திறந்து பார்ப்பது. முகப்பு மட்டும் போதாது. ஒரு பழைய கட்டுரை, ஒரு படம், ஒரு ஒலிப்பதிவு, தேடல் பெட்டி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வேலை பாதியில் நின்றுபோனால் பதற வேண்டாம். ‘சுடோ டி-பி-கே-ஜி --கொன்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளை, பாதியில் நின்ற பொதிகளை முடித்துவைக்கும். ‘பூட்டைப் பெற முடியவில்லை’ என்ற செய்தி வந்தால், வேறொரு நிறுவல் பின்னணியில் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சில நிமிடம் காத்திருந்தால் போதும். அந்தப் பூட்டுக் கோப்பை அழியுங்கள் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

எப்போது எது நிறுவப்பட்டது என்பதை ‘அப்ட்’ தன் பதிவேட்டில் எழுதிவைக்கும். ‘வார்’ என்ற அடைவுக்குள் ‘லொக்’, அதற்குள் ‘அப்ட்’. அங்கே ‘ஹிஸ்டரி’ என்ற கோப்பு இருக்கும். செவ்வாய்க்கிழமை இணையத்தளம் பிழைத்தால், திங்கட்கிழமை என்ன மாறியது என்று அங்கே பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாத பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். அவற்றுக்கு ‘அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ்’ என்ற பொதி உண்டு. அதை நிறுவி இயக்கிவிட்டால், பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்வர் தானாகவே போட்டுக்கொள்ளும். ஆட்பலம் குறைந்த எங்களைப் போன்ற குழுக்களுக்கு இது அவசியம். குறிப்பிட்ட ஒரு பொதி மாறவே கூடாது என்றால் ‘அப்ட்-மார்க் ஹோல்ட்’ என்று அதை நிறுத்தி வைக்கலாம். ஆனால் நிறுத்தி வைத்ததை மறந்துவிடாமல் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

‘அப்ட்’ பார்க்காத இடங்கள்

‘அப்ட்’ தன் வழியாக வந்தவற்றை மட்டுமே பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான தமிழ்ச் செய்தித் தளங்கள் வேர்ட்பிரஸில் இயங்குகின்றன. அதை வழமையாகத் தனியாகத் தரவிறக்கியே நிறுவுகிறோம். அதனால் வேர்ட்பிரஸையும் அதன் செருகிகளையும் அதன் நிர்வாகப் பக்கத்திலேயே இற்றைப்படுத்த வேண்டும். சேர்வரில் எல்லாம் புதிதாக இருந்தாலும், 2016 இல் யாரோ போட்ட ஒரு செருகி போதும் உள்ளே வருவதற்கு.

இரண்டாவது ஆபத்து, இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே ஒட்டுவது. ‘இந்த ஒரு வரியை ஒட்டுங்கள், எல்லாம் தானாக நடக்கும்’ என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்த வரி முன்பின் தெரியாத ஒருவரின் நிரலை நிர்வாகி அதிகாரத்தோடு எங்கள் சேர்வரில் ஓடவிடுகிறது. களஞ்சியத்தில் இருக்கும் பொதி சற்றுப் பழையதாக இருந்தாலும் அதையே எடுப்பது நல்லது. 2024 மார்ச்சில் ‘எக்ஸ்-இசட்’ என்ற சுருக்கும் கருவியின் புதிய பதிப்புகளில் யாரோ ஒரு கள்ளக்கதவை வைத்திருந்தது தெரியவந்தது. உள்நுழைய அரை விநாடி அதிகம் எடுக்கிறதே என்று சந்தேகப்பட்ட அண்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட் என்ற பொறியியலாளரே அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் பரிசோதனைப் பதிப்புகளுக்குள் அது வந்திருந்தது. நிலையான பதிப்புக்குள் வரவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு நிலையான பதிப்பே பாதுகாப்பானது.

மூன்றாவது, பதிப்பின் ஆயுள். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து வருடங்களே பொதுவான ஆதரவு. 20.04 பதிப்பின் காலம் 2025 மே மாதத்தோடு முடிந்தது. 22.04 க்கு 2027 வரையும், 24.04 க்கு 2029 வரையும் இருக்கிறது. காலம் முடிந்த பதிப்பில் ‘அப்கிரேட்’ என்று அடித்தால், எதுவும் புதிதாக இல்லை என்று சேர்வர் அமைதியாகச் சொல்லும். எல்லாம் நலம் என்று நாங்களும் நினைத்துக்கொள்வோம். பதிப்பு முடியும் ஆண்டைக் குழுவில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

திரும்பப் பெறக்கூடியதும் பெற முடியாததும்

மென்பொருளைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், நான் கற்றதில் முக்கியமானது வேறு. பொதிகள் எல்லாம் களஞ்சியத்தில் இருக்கின்றன. சேர்வர் முழுவதும் எரிந்தாலும், புதிய ஒன்றை எடுத்து ஒரு மாலைக்குள் எல்லாவற்றையும் மீண்டும் நிறுவலாம். ‘அப்ட்-மார்க் ஷோமனுவல்’ என்று அடித்தால், நாங்கள் கேட்டு நிறுவிய பொதிகளின் பட்டியல் வரும். அதை ஒரு கோப்பில் சேமித்து வைத்தால் போதும். அச்சடித்தாலும் சில பக்கங்கள்தான்.

ஒலிப்பதிவுக்கு அப்படியொரு களஞ்சியம் இல்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்த இழப்பை அறிந்த சமூகத்தில்தான் 2005 இல் ‘நூலகம்’ மின்னூலகம் தொடங்கியது. அதுவும் விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளில்தான் இயங்குகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கையின் கணினித் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். அதுவும் எவரும் இலவசமாக எடுத்து நிறுவக்கூடியதாகவே வெளியிடப்பட்டது. பின்னர் 2005 இல் பாகிஸ்தானிலும் 2010 இல் ஹெய்ட்டியிலும் நிலநடுக்கங்களின்போது பயன்பட்டது. கருவிகள் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே தரவுகளுக்கு மூன்று பிரதிகள் வைக்கிறோம். ஒன்று சேர்வரில். இன்னொன்று வேறு நாட்டில், வேறு நிறுவனத்தின் சேர்வரில். மூன்றாவது, எந்த வலையமைப்போடும் இணைக்கப்படாத, குறியாக்கம் செய்யப்பட்ட வன்தட்டில். அந்த வன்தட்டு யாருடைய வீட்டில் இருக்கிறது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிரதியிலிருந்து சில கோப்புகளை எடுத்துத் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

சேர்வருக்குள் நுழையும் திறப்பு இப்போது மூவரிடம் இருக்கிறது. ஒருவர் இங்கே, இருவர் வெளியே. மாதக் கட்டணம் ரொறன்ரோவிலுள்ள ஒருவரின் கடனட்டையிலிருந்து போகிறது. அந்த அட்டை காலாவதியாகும் மாதமும் எங்கள் கொப்பியில் இருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல் மூவருக்கும் வருகிறது.

தருகிறவர்கள் கேட்க வேண்டியவை

சம்பூரில் மீளக்குடியேறி காணி ஆவணங்களைத் தேடித் திரிந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுகிறவர்கள், எங்களைப் போன்றவர்களிடம் எத்தனையோ தடவை படங்களையும் கடிதங்களையும் தந்திருக்கிறீர்கள். இனித் தரும்போது கேளுங்கள். இது எங்கே வைக்கப்படும்? பிரதி எத்தனை இருக்கிறது? கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும்தானா? சேர்வரைக் கடைசியாக எப்போது இற்றைப்படுத்தினீர்கள்? எனக்கு ஒரு பிரதியைப் பென்டிரைவில் தருவீர்களா?

இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் மூலப் பிரதியைக் கொடுக்காதீர்கள். கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. அந்த அம்மா 2013 இல் எங்களிடம் இவற்றைக் கேட்டிருந்தால், எங்களிடம் ஒரு பதிலும் இருந்திருக்காது. அந்த வெட்கத்திலாவது நாங்கள் அன்றே கற்றிருப்போம்.

கணவரின் குரலை நாங்கள் தேடாத இடம் இல்லை. பழைய மடிக்கணினிகள், மெமரி காட்கள், நண்பர்களின் மின்னஞ்சல்கள் எல்லாம் பார்த்தாயிற்று. கிடைத்தது, நேர்காணலுக்கு முன்பு ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்க எடுத்த 11 விநாடிகள் மட்டுமே. அதில் அவர் தன் பெயரையும் மகனின் பெயரையும் சொல்லி, “சரியா தம்பி?” என்று கேட்கிறார். அதை ஒரு பென்டிரைவிலும் அந்த அம்மாவின் பேத்தியின் தொலைபேசியிலும் போட்டுக் கொடுத்தேன். அம்மா இரண்டு தரம் கேட்டார். பிறகு தனக்குத் தெரிந்த வரையில் அன்று நடந்ததைத் தானே சொல்லத் தொடங்கினார்.

அந்தப் பதிவு ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களும் நீளமானது. அன்றிரவே மூன்று இடங்களிலும் ஏற்றினோம்.